சண்டை கிணற்றடியில் நடக்கட்டும்: பல உலக ஃபேன்டஸிக் கதையில் பாத்திர மோதலை உருவாக்க முழு வழிகாட்டி

கசன் விடைபெறும் காட்சியை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. அவன் தேவர்களின் குரு பிருகஸ்பதியின் மகன். இறந்தவரை எழுப்பும் சஞ்சீவினி வித்தையைக் கற்றுவரும்படி, அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியாரிடம் அனுப்பப்பட்டவன். வந்த காரியம் முடிந்துவிட்டது. புறப்படும் நேரத்தில் சுக்கிரரின் மகள் தேவயானி, தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறாள். அவன் மறுக்கிறான். நீ கற்ற வித்தை உனக்குப் பலிக்காது என்று அவள் சபிக்கிறாள். எந்த முனிவரின் மகனும் உன்னைக் கைப்பிடிக்க மாட்டான் என்று அவனும் சபிக்கிறான்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வருகிற கதை இது. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் இடையிலான பெரும்போர் இதன் பின்னால் நடந்துகொண்டே இருக்கிறது. அந்தப் போரில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. விடைபெறும்போது நின்ற அந்த இருவரை மறக்க முடிவதில்லை.

பல உலகங்களை வைத்துக் கதை எழுத வருகிறவர்கள் முதலில் வரைபடம் போடுகிறார்கள். ஏழு உலகங்கள், ஏழு அரசர்கள், அவர்களின் கொடிகள், ஆயுதங்கள். பத்தாவது அத்தியாயத்தில் போர் மூளுகிறது. ஆனால் போரிடுகிற இருவருக்கும் நடுவே சொந்தமாக ஒரு வழக்கு இருப்பதில்லை. நானும் ஒரு முழுப் பிரதியை இப்படி எழுதி, பிறகு அதைக் கலைத்துப் போட்டிருக்கிறேன். அதன் பிறகு எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரே கற்பனைக் கதையைக் கடைசிவரை உதாரணமாக வளர்த்துக்கொண்டு போகிறேன். நீங்களும் உங்கள் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: போரை ஒரு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்

இரண்டு உலகங்களுக்கு இடையே என்ன பகை என்று முதலில் கேட்காதீர்கள். அந்தப் பகையால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எந்த இருவர் முகம் பார்க்க முடியாமல் போகிறார்கள் என்று கேளுங்கள். கம்பராமாயணப் போரில் நம்மை நிறுத்தி வைப்பது கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்று பேசும் இடம். அண்ணன் இராவணன் செய்தது தவறு என்பது இருவருக்கும் தெரியும். ஒருவன் அறத்தின் பக்கம் போய்விட்டான். இன்னொருவன் இத்தனை நாள் வளர்த்த கைக்காக உயிரைக் கொடுக்க நிற்கிறான். இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்பதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு வலிக்கிறது.

ஆகவே இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அக்கா தங்கை, ஆசிரியர் மாணவர், வளர்த்தவள் பெற்றவள், படகோட்டி பயணி என்று ஒருவரை ஒருவர் எளிதில் உதறிவிட முடியாத உறவாக இருக்கட்டும். எதிரி என்பதற்காக மட்டுமே இருவரை எதிரில் நிறுத்தினால், ஒருவர் ஊரைவிட்டுப் போனதும் கதை முடிந்துவிடும்.

நமது உதாரணத்தில் இரண்டு உலகங்கள். ஒன்றின் பெயர் நன்செய். அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. இன்னொன்று கரம்பு, அங்கே மண் பிளந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய கிணறு. நன்செய்யில் காத்தாயி, பூவாயி என்று அக்காவும் தங்கையும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: கடப்பதற்கு ஒரு விலை வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஓர் உலகத்திலிருந்து மற்றதற்குப் போவது பஸ் ஏறுவதைப் போல இருந்தால், அவை இரண்டு உலகங்களே இல்லை, இரண்டு ஊர்கள். எல்லையைத் தாண்டுகிறவர் எதையாவது கொடுத்தாக வேண்டும். அவர் கொடுக்கும் அந்த விலையை வேறு யாராவது சேர்ந்து சுமக்க வேண்டியிருந்தால், மோதல் தானாகவே பிறந்துவிடும்.

கசனின் கதைக்கே திரும்புவோம். அசுரர்கள் அவனைக் கொல்கிறார்கள். முதல் முறை ஓநாய்களுக்கு இரையாக்குகிறார்கள், சுக்கிரர் எழுப்புகிறார். பின்னர் அவனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து சுக்கிரருக்கே குடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது மாணவன் ஆசிரியரின் வயிற்றுக்குள் இருக்கிறான். அவன் வெளியே வந்தால் ஆசிரியர் சாவார். வராவிட்டால், அவனில்லாமல் வாழமாட்டேன் என்று மகள் அழுகிறாள். வேறு வழியில்லாமல் வயிற்றுக்குள் இருப்பவனுக்கே சுக்கிரர் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறார். அவன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்து, இறந்து கிடக்கும் குருவை அதே வித்தையால் எழுப்புகிறான்.

விலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுக்கிரரின் வயிற்றிலிருந்து வந்ததால் அவன் அவருக்குப் பிள்ளை முறை ஆகிவிட்டான். தேவயானிக்கு உடன்பிறந்தவன் ஆகிவிட்டான். அதைச் சொல்லித்தான் மணத்தை மறுக்கிறான். அவனைக் காப்பாற்ற அவள் பிடித்த பிடிவாதமே அவனை அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டது. யாரோ ஒரு வில்லன் வந்து பிரித்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்குமா? இந்தக் கதையைக் கட்டியவரின் கையை நான் வணங்குகிறேன்.

நம் காலத்து நாவல்களிலும் இது உண்டு. 1995 முதல் 2000 வரை வெளிவந்த ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் மூன்று நாவல்களில், பிறந்த உலகத்துக்கு வெளியே மனிதர்கள் நீண்ட காலம் நலமாக வாழ முடியாது. உலகங்களுக்கு நடுவே கத்தியால் திறக்கும் ஒவ்வொரு வாசலும் ஒரு கொடிய உருவைப் பிறப்பிக்கிறது. வேறு வேறு உலகத்தில் பிறந்த சிறுவனும் சிறுமியும் ஒருவரை ஒருவர் நேசிக்கத் தொடங்கும்போது, இந்த இரண்டு விதிகளும் அவர்களைப் பிரித்துவிடுகின்றன.

நமது கதையில் விலையை நான் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்திலிருந்து எடுத்தேன். கிணற்று ஏற்றத்தில் ஒரு தலை தாழ்ந்தால் மறு தலை உயரும். அதுபோல, நன்செய்யிலிருந்து ஒருவர் கிணற்றில் இறங்கினால் கரம்பிலிருந்து ஒருவர் மேலே வந்தாக வேண்டும். போனவர் திரும்ப வேண்டுமானால், அவருக்கு ஈடாக வந்தவரே திரும்பிப் போக வேண்டும். வேறு ஆளை மாற்ற முடியாது. அமாவாசை இரவில் மட்டும் குரல் கிணற்றைக் கடக்கும்.

இந்த விதியை எழுதியதும் கதை தானே நகர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கிணறு தோண்டத் தெரிந்த காத்தாயியைக் கரம்புக்கு அனுப்பினார்கள். ஈடாக ஐந்து வயதுப் பையன் சேந்தன் வந்தான். அவனைப் பூவாயி தன் மகனாக வளர்த்தாள். இப்போது தாய் சாகக் கிடக்கிறாள். மூத்த மகளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். காத்தாயியும் வர விரும்புகிறாள். அக்கா வந்தால் மகன் போய்விடுவான். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. ஆனாலும் பூவாயிக்கு இனித் தூக்கம் வராது.

உங்கள் கதையின் விலையைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். அதை மந்திரத்தாலோ பணத்தாலோ குறுக்கு வழியில் கட்டிவிட முடியுமா? முடியுமென்றால், வாசகர் உங்களுக்கு முன்பே அந்த வழியைக் கண்டுபிடித்துவிடுவார். கடப்பவர் தவிர வேறு யாருக்காவது அது வலிக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் கட்டணம், மோதல் பிறக்காது.

மூன்றாம் படி: ஒவ்வொருவரின் வழக்கையும் அவரவர் வாயால் எழுதுங்கள்

ஒரு தாள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமும் பஞ்சாயத்தின் முன் நின்று பேசுவதாக அரைப்பக்கம் எழுதுங்கள். இந்தத் தாள் கதைக்குள் வராது. உங்கள் மேசையிலேயே இருக்கும். பூவாயி சொல்வாள்: நான் கேட்டா இந்தப் பிள்ளை வந்தான்? காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டுக்கொண்டது யார்? காத்தாயி சொல்வாள்: ஊருக்காகப் போனேன், என் தாயின் கையைப் பிடித்துக்கொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லையா? சேந்தனுக்கும் ஒரு வழக்கு உண்டு: என்னைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

மூன்றையும் படித்த பிறகு உங்களால் தீர்ப்புச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் யாரோ ஒருவரின் வழக்கு பலவீனமாக இருக்கிறது. அவருக்கு இன்னும் ஓர் உண்மையான காரணம் தேடிக்கொடுங்கள். தீர்ப்புச் சொல்லத் தெரியாமல் நீங்களே தவிக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஓர் உலகத்தார் எல்லாரும் கொடியவர்கள் என்று வைத்துவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது வேலையைச் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான். வாமனன் மூன்றடி மண் கேட்டபோது கொடுக்காதே என்று தடுத்த சுக்கிரரும், சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்ற மாபலியும் ஒரே அணியினர். அசுரர் பக்கத்திலேயே ஒருவருக்கு அறிவும் இன்னொருவருக்கு வாக்கும் முக்கியமாக இருக்கிறது. எதிரணிக்குள்ளும் இப்படி ஒரு பிளவு இருக்கட்டும்.

நான்காம் படி: ஒவ்வொருவரும் தன் உலகத்தின் கண்ணால் பார்க்கட்டும்

ஒரே செயலுக்கு இரண்டு உலகங்களில் இரண்டு பொருள் இருக்கும். இதை அருமையாகக் கையாண்ட இடம் மணிமேகலையில் இருக்கிறது. விஞ்சையர் எனும் வித்தியாதரர் உலகத்துக் காயசண்டிகை, ஒரு முனிவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டதால் பன்னிரண்டு ஆண்டு தீராப் பசியோடு மண்ணுலகில் அலைகிறாள். அவள் பசி தீர்ந்து தன் ஊருக்குக் கிளம்பிய பிறகு, இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை அவள் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். மனைவியைத் தேடி விஞ்சையர் உலகிலிருந்து காஞ்சனன் வருகிறான். அவன் கண்ணில் படுவது தன் மனைவி ஓர் இளைஞனோடு பேசிக்கொண்டிருக்கும் காட்சி. உண்மையில் அவள் ஒரு முதியவளைக் காட்டி, அழகு நிலையாது என்று அந்த இளைஞனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காஞ்சனன் காத்திருந்து உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான்.

வெறும் ஆள்மாறாட்டம் என்று இதை ஒதுக்க முடியாது. உருவம் மாறியதற்கு மணிமேகலைக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டு ஏங்கியவனுக்குப் பொறுமை இல்லாததற்கும் காரணம் உண்டு. ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் குழப்பத்தை வைத்து முந்நூறு பக்கம் ஓட்டினால் வாசகருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். பேச்சே தீர்க்க முடியாத அளவுக்கு, அந்தப் புரிதல் பாத்திரத்தின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

கரம்பில் தண்ணீரைத் தரையில் ஊற்றுவது பெரும் பாவம் என்று வைத்துக்கொள்வோம். நன்செய்யில் விருந்தாளி வந்தால் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள். சேந்தன் வந்த முதல் நாள், ஐந்து வயதில், பூவாயி அவன் காலில் ஒரு குடம் ஊற்றியதும் அலறியிருப்பான். பதினேழு வயதில் அவனே விருந்தாளிகளுக்கு ஊற்றுகிறான். இந்த ஒரு வழக்கத்தை வைத்தே அவன் எந்த உலகத்துக்காரன் என்ற சண்டையை எழுதிவிடலாம். ஒவ்வோர் உலகத்துக்கும் இப்படி அன்றாடத்தில் நடக்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். திருவிழாவும் முடிசூட்டு விழாவும் இதற்கு உதவாது. சோறு, தண்ணீர், செருப்பு, வாசற்படி ஆகியவை உதவும்.

ஐந்தாம் படி: கடிகாரத்தைக் கலைத்துப் பாருங்கள்

எல்லாக் கதைக்கும் இது தேவையில்லை. பொருந்துமானால் வலுவான கருவி. மகளுக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்கப் பிரம்மலோகம் போன அரசன் ககுத்மி, அங்கே ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்ததில் மண்ணில் 27 சதுர்யுகங்கள் ஓடிவிட்டன என்கிறது பாகவதம். அவன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் வம்சமே மிஞ்சவில்லை.

நமது கதையில் நன்செய்யின் மூன்று ஆண்டு கரம்பில் ஓர் ஆண்டு. காத்தாயிக்கு நாலு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. "நாலு வருடம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாய், பெரிய உதவி" என்று அவள் மனதாரச் சொல்வது, பன்னிரண்டு ஆண்டு தாயாக இருந்தவள் காதில் எப்படி விழும்? கரம்பில் சேந்தனைப் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள். ஒன்பது வயதுப் பையனுக்கு அளவாகச் சட்டை தைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அந்தச் சட்டை என் நோட்டில் வந்த நாளில்தான், இந்தக் கதை உயிரோடு இருக்கிறது என்று நம்பினேன்.

ஆறாம் படி: திரும்ப முடியாத செயல்களாக அடுக்குங்கள்

மோதலை வளர்ப்பது என்றால் குரலை உயர்த்துவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு காட்சியிலும் யாரோ ஒருவர், பிறகு அழிக்க முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். முதல் செயல் மிகச் சிறியதாக இருக்கட்டும். தேவயானியின் பிற்கால வாழ்வே ஒரு துணிச் சண்டையில்தான் திரும்பியது: குளித்துக் கரையேறியபோது காற்றில் கலந்துபோன உடைகளில் ஒன்றை அசுர அரசனின் மகள் சர்மிஷ்டை மாற்றி உடுத்திவிட்டாள். அதில் தொடங்கிய வாக்குவாதம் கிணற்றில் தள்ளுவதிலும், அரசகுமாரி பணிப்பெண் ஆவதிலும், கடைசியில் தேவயானியை மணந்த அரசன் யயாதியின் இளமை பறிபோவதிலும் போய் நின்றது. துணி மாறியதற்கு அடியில், அரசன் மகள் உயர்ந்தவளா குருவின் மகள் உயர்ந்தவளா என்ற பழைய புகைச்சல் இருந்தது. சிறிய பொறி, பழைய புகைச்சல்; இரண்டும் வேண்டும்.

பூவாயியின் செயல்களை நான் இப்படி அடுக்கினேன். அமாவாசையில் அக்காவின் குரல் கேட்கிறது, தாயிடம் சொல்லவில்லை. இது வெறும் தாமதம்தான், நாளைக்குச் சொல்லிவிடலாம். அடுத்த அமாவாசையில் அக்கா கேட்கும்போது, அம்மா நன்றாக இருக்கிறாள் என்கிறாள். இது பொய். அதற்கடுத்து, கிணற்றடிக்குப் போகாதே என்று சேந்தனைத் தடுக்கிறாள். காரணம் கேட்டதற்கு அடித்துவிடுகிறாள், வாழ்க்கையில் முதல் முறையாக. பிறகு கிணற்றின் மேல் கல்லைப் புரட்டிப் போடுகிறாள். அந்தக் கல் கிடக்கும் மாதத்தில் தாய் இறந்துபோகிறாள்.

இந்த வரிசையில் அவள் எங்கே கெட்டவளாக மாறினாள் என்று என்னால் விரல் வைக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியும் முந்தையதை மூடி மறைக்க வைத்ததுதான். உங்கள் வரிசையில் ஓர் இடத்தில், இதை எந்த மனிதரும் செய்யமாட்டார் என்று தோன்றினால், நடுவே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சேந்தனுக்கும் காத்தாயிக்கும்கூட இதே போலத் தனி வரிசை எழுதுங்கள். ஒருவர் மட்டும் செய்துகொண்டே இருக்க, மற்றவர்கள் பட்டுக்கொண்டே இருந்தால் அது மோதல் ஆகாது.

ஏழாம் படி: சண்டையை வேறு பேச்சுக்குள் ஒளித்து வையுங்கள்

உண்மையான சண்டையில் யாரும் பொருளை நேராகச் சொல்வதில்லை. இரண்டாம் அமாவாசை இரவு:

"பூவாயி, அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டதா?"

"சேந்தனுக்கு மீசை அரும்பிவிட்டது, அக்கா."

"அம்மாவைக் கேட்டேன்."

"நாற்று நடுகிற நேரம். எல்லாரும் வயலில் கிடக்கிறோம்."

"நான் வரட்டுமா?"

"கயிறு இற்றுப்போயிருக்கிறது. மாற்றிவிட்டுச் சொல்கிறேன்."

பொய், பயம், கெஞ்சல் மூன்றும் இதில் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எதுவும் வரவில்லை. முதல் வரைவில் பாத்திரங்கள் மனத்தில் உள்ளதை அப்படியே கொட்டட்டும், பரவாயில்லை. இரண்டாம் வரைவில் அந்த வரிகளை எடுத்துவிட்டு, அவர்கள் கையில் இருக்கும் வேலையைப் பற்றிப் பேசவையுங்கள். கரம்பிலிருந்து வருகிற பாத்திரத்தின் உவமைகள் கரம்பிலிருந்தே வரட்டும். தண்ணீரே பார்க்காதவள் கண்ணீர் ஆறாய் ஓடியது என்று சொல்லக் கூடாது.

எட்டாம் படி: முடிவில் யாரும் கேட்டபடி கிடைக்க வேண்டாம்

விதியை உடைத்து முடிக்கும் ஆசை வரும். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் தோன்றி, மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பார். நீங்கள் வைத்த விலையை நீங்களே தள்ளுபடி செய்வதுபோல ஆகிவிடும் அது. கசனுக்குத் தேவயானியின் சாபம் கழியவில்லை. வித்தை அவன் கையில் பலிக்காது. அவனிடம் கற்றவர்களுக்குப் பலிக்கும். அவன் ஏமாந்தும் போகவில்லை, முழுதாக வெல்லவும் இல்லை. தேவயானி முனிவர் குலத்தில் அல்லாமல் அரசனுக்கு மனைவியானாள். இரண்டு சாபங்களும் நின்றன, கதை அவற்றின் மேலேயே நடந்து போயிற்று.

நமது கதைக்கு நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். பூவாயி மனம் மாறிச் சேந்தனை அனுப்புவது முதலாவது. மிகவும் நல்லவளாகிவிட்டாள், நம்ப முடியவில்லை. காத்தாயி விட்டுக்கொடுத்து அங்கேயே தங்கிவிடுவது இரண்டாவது. அவள் வழக்கு அநாதையாகிவிட்டது. மூன்றாவதில் சேந்தன் யாரிடமும் சொல்லாமல் கல்லைப் புரட்டிவிட்டு இறங்குகிறான். ஏற்றத்தின் மறு தலை உயர்கிறது. தோண்டிக்கொண்டிருந்த கிணற்றில் இன்னும் நாலு முழம் மிச்சமிருக்க, காத்தாயி தன்னை யாரும் கேட்காமலே மேலே வந்து நிற்கிறாள். தாய் இல்லாத வீடு. வாசலில், தன்னைவிட வயது மூத்தவளாகிவிட்ட தங்கை. கீழே ஒருத்தி சிறிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உயரமான ஓர் இளைஞனை யாரென்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதை வைத்துக்கொண்டேன். கடைசிக் காட்சிக்கு வசனம் எழுதினேன், பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பூவாயி உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவருகிறாள். கரம்பில் நாலு ஆண்டு இருந்துவிட்ட அக்கா, தங்கை குடத்தைச் சாய்ப்பதற்குள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.